வால்மீனுக்குத் துண்டு போட்டவர்கள்

ரெண்டு வருஷமாக நான் தினமும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் நின்று இல்லை. மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை மில் யார்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதற்குள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்க்கிறேன். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துவிட்டு ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போடுகிறவளுக்குச் சூரியனோடு இந்த அளவுக்காவது சம்பந்தம் இருக்கட்டுமே.

சோஹோ என்று ஒரு விண்கலம். பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமாக நிற்கிறது. நம்ம ஆதித்யாவும் இப்போது அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. சோஹோவை 1995-இல் ரெண்டு வருஷ வேலைக்கென்று அனுப்பினார்கள். அது இன்னும் வேலை செய்கிறது. என் ஜெராக்ஸ் மிஷினுக்கு மூன்று வருஷ வாரண்டி கொடுத்தார்கள், பதினாலாவது மாசத்தில் பேப்பரைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. வெறும் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன், விட்டுத் தள்ளுங்கள்.

சோஹோவின் கேமராவில் நடுவே ஒரு தட்டு வைத்துச் சூரியனை மறைத்துவிடுவார்கள். எதிரே வருகிற வண்டி ஹெட்லைட் அடித்தால் நாம் கையை வைத்து மறைத்துக்கொள்கிறோமே, அப்படி. சூரியன் மறைந்தால்தான் அதைச் சுற்றி இருப்பது தெரியும். அந்தச் சுற்றுப்புறத்தில் எப்போதாவது ஒரு பொட்டு, படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்ந்து, சூரியனை நோக்கிப் போகும். அது வால்மீன். படங்களை நெட்டில் சும்மா போட்டுவிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்படி உலகம் பூராவும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற சாதாரண ஜனங்கள் பார்த்துச் சொன்னதையெல்லாம் சேர்த்து ஐயாயிரம் வால்மீனுக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு ஒன்று வேண்டும். ஒன்று போதும்.

வால்மீனுக்கு நம் பெயரை வைக்க மாட்டார்கள். சோஹோ என்று போட்டு ஒரு நம்பர், அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் அந்த நம்பருக்குப் பக்கத்தில், முதலில் பார்த்துச் சொன்னவரின் பெயர் இருக்கும். ரெண்டாவதாகச் சொன்னவருக்கு ஒன்றும் கிடையாது. நான் பதினாலு முறை ரெண்டாவது ஆள். பள்ளிக்கூடத்திலும் ரெண்டாவது ரேங்க்தான். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதினேன், காத்திருப்போர் பட்டியலில் ரெண்டாவது பெயர். முதல் பெயர்க்காரன் வேலையில் சேர்ந்துவிட்டான். நல்லா இருக்கட்டும். மூன்று நாள் அவனை வாயாரத் திட்டினேன், நாலாவது நாள் கடை திறந்தேன்.

நான் சேர்ந்திருக்கிற தேடல் குழுவை வெளிநாட்டில் இருந்து நடத்துகிறார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் தப்பில்லை, தப்பெல்லாம் எங்கள் பக்கம். அவர்கள் வைத்திருக்கிற விதி எளிமையானது. பொட்டு குறைந்தது நாலு படத்தில் இருக்கணும். ஒவ்வொரு படத்திலும் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து, எண்ணாக எழுதணும். பாரத்தை நிரப்பி அனுப்பினால் நேரத்தோடு எல்லார் பார்வைக்கும் வந்துவிடும். யாருடைய நேரம் முந்தியதோ அவருடையது வால்மீன்.

இனி யார்டைப் பற்றி. கரும்பு சீசனில் டிராக்டரும் லாரியும் மாட்டு வண்டியும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். நிற்கிறவன் குளிக்கணும், சாப்பிடணும், போனுக்குச் சார்ஜ் போடணும். அதற்காக அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஸ்டியரிங்கில் துண்டைக் கட்டிவிட்டுப் போனால் அந்த இடம் அவனுடையது. வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் இறங்கி வந்து, துண்டு கட்டின வண்டியை முதலில் நகர்த்திவிட்டு, அப்புறம் தன் வண்டியை நகர்த்துவான். திட்டிக்கொண்டே நகர்த்துவான், ஆனால் நகர்த்துவான். துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு முந்திப் போனதாக ஒரு சம்பவத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற ஜனங்கள்தானே நாம்.

சார்ஜ் போட என் கடைக்கு வருகிறவர்களில் ரெண்டு பேர் நிரந்தரம். ஒருவர் பச்சமுத்து. மணலூர்பேட்டை ஆதிமூலம் என்பவரின் டிராக்டரை ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயசு, சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அதற்கு வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும், ஆனாலும் தினமும் வருவார். இன்னொருவன் நைனார்பாளையத்து லாரி டிரைவர் கலையரசன். பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருஷத்தில் விட்டவன். இங்கிலீஷ் பாரம் நிரப்பத் தெரியும் என்று தானே சொல்லிக்கொள்வான்.

முதல் நாள் பச்சமுத்து என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, கேபிள் சரியா வரலியா."

"இது டிவி இல்லண்ணே. சூரியன்."

"சூரியன் எங்க?"

"நடுவுல தட்டு இருக்குது பாருங்க, அதுக்குப் பின்னாடி. மறச்சி வச்சிருக்காங்க."

"சூரியனப் பாக்க அம்மாந்தூரம் போயி, அத்த மறச்சிட்டுப் பாக்கறாங்களா."

"ஆமாண்ணே."

"சரி" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை.

கலையரசனுக்குத்தான் நிறையச் சந்தேகம். "கண்டுபுடிச்சா இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. பேரு போடுவாங்க."

"பேரு மட்டுமா?"

"பேரு மட்டும்தான். அதுக்கே பதினாலு தபா போயி பதினாலு தபாவும் எனக்கு முன்னாடி ஒருத்தர் வந்துட்டாங்க. நான் இங்க ஜெராக்ஸ் எடுத்துக்கினு இருப்பேன், அவங்க அங்க உக்காந்து பாத்துக்கினே இருப்பாங்க."

பச்சமுத்துவும் கலையரசனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தை மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கல்வராயன் மலைக்குப் போனேன். என்னோடு காலேஜில் படித்த அபிநயா வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சூரியனைப் பற்றி ஒரு மணி நேரம் வந்து பேசு என்று ஆறு மாசமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடையைப் பூட்டினால் அன்றைக்குப் பார்த்து நாலு பேர் வருவார்கள் என்பதால், வரிசையில் எப்படியும் சாயங்காலம் வரை நிற்கப்போகிற இந்த ரெண்டு பேரையும் கடையில் உட்கார வைத்தேன். ஜெராக்ஸ் மட்டும் எடுங்கள், கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள் என்று ரெண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

மலையில் நன்றாகத்தான் போயிற்று. பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், அபிநயா சோறு போட்டாள், போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் என்று மாறி மாறி பஸ் பிடித்து, ஆறு மணிக்கு வந்து சேர்ந்தேன். ரெண்டு பேரும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பதைப் போல நின்றிருந்தார்கள்.

"இனிமே நீ ரெண்டாவது கெடையாது" என்றான் கலையரசன்.

"இன்னா பண்ணீங்க?"

"எடம் புடிச்சி வச்சிருக்கோம்."

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். காலையிலிருந்து வந்த படங்களில் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு பொட்டுக்கும், என் கணக்கிலிருந்து, இசைவாணி என்கிற என் பெயரில் ஒரு பாரம் அனுப்பியிருந்தார்கள். முப்பத்தேழு பாரம். இடத்தை அளந்து எழுத வேண்டிய கட்டங்களில் எல்லாம் சைபர். குறிப்பு என்கிற கட்டத்தில் கலையரசன் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இசைவாணி மலைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் வருவார். தயவுசெய்து காத்திருக்கவும்." பன்னிரண்டாவது பாரத்துக்கு மேல் அவனுக்குக் கை வலித்திருக்கிறது. "வருகிறார். காத்திருக்கவும்" என்று மட்டும் இருந்தது.

அந்த முப்பத்தேழில் பெரும்பாலானவை நட்சத்திரம். புதன் கிரகத்துக்கும் ஒரு துண்டு போட்டிருந்தார்கள். ரெண்டு பொட்டு என் மானிட்டரில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளம்.

"உங்களுக்கெல்லாம் மண்டையில இன்னா இருக்குது" என்றேன். அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. மில் வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்தார்.

பச்சமுத்து அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "ஏம்மா, துண்டு போட்டா அங்க எடம் நிக்காதா?"

"நிக்காதுண்ணே."

"அது இன்னா ஊரும்மா அது" என்றார். உண்மையாகவே அவருக்கு வருத்தம்.

மறுநாள் கடிதம் வந்தது. குழுவை நடத்துகிறவர் எழுதியிருந்தார். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறோம், ஆனால் முப்பத்தேழு வெற்று அறிக்கைகளைச் சரிபார்க்க எங்கள் தன்னார்வலர் ஒருவரின் விடுமுறை நாள் போய்விட்டது, எனவே உங்கள் கணக்கை முப்பது நாட்களுக்கு நிறுத்தி வைக்கிறோம். கடைசியில் ஒரு வரி: நீங்கள் மலையிலிருந்து நலமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறோம். மரியாதையான இங்கிலீஷில் திட்டு வாங்குவது தனி வேதனை. திருப்பித் திட்டவும் முடியாது.

ரெண்டு பேருக்கும் சார்ஜ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது நாள் பச்சமுத்து வந்து வாசலிலேயே நின்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளேயும் வராமல் கேட்கவும் செய்யாமல் நின்றார். நானே வாங்கிச் சொருகினேன்.

பார்ப்பதற்குத் தடை இல்லை, அனுப்பத்தான் தடை. ஆகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது நாள், காலை பதினொன்றரை மணி. புதுசாக ஒரே கொத்தாக வந்த படங்களில் முதல் படத்தில், கீழ்ப்பக்கம், இருட்டும் புள்ளியுமாக இருக்கிற இடத்தில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. பொட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கிற கறுப்பைவிட ஒரு துளி கம்மியான கறுப்பு. அடுத்த படத்தில் அது கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நாலாவதில் சந்தேகமே இல்லை, நேராகச் சூரியனைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அறிக்கைகளின் பக்கத்தைத் திறந்தேன். ஒருவரும் ஒன்றும் அனுப்பவில்லை.

நாலு படத்திலும் அளந்தேன், எண்களை ஒரு லேமினேஷன் கவரின் மேல் எழுதினேன், பாரத்தைத் திறந்தேன். உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது, இன்னும் பதினொரு நாள் என்று வந்தது. ரெண்டு வருஷம் காத்திருந்து, உலகத்தில் முதல் ஆளாக ஒன்றைப் பார்த்துவிட்டு, அதை வாயைத் திறந்து சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு வந்த கோபத்தில் மில்லுக்கு ஒரு நாள் பாய்லர் ஓட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். வேறொருவர் பெயரில் புதுக் கணக்கு திறக்கலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு போன் நம்பர் வேண்டும், அந்த நம்பருக்கு ஓடிபி வரும். என் நம்பர் பழைய கணக்கில் இருந்தது. அப்பாவின் போன் ரிப்பேரில் இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர், மாசா மாசம் ரீசார்ஜ் செய்யச் சொல்லி நச்சரிக்கிற பச்சமுத்துவின் நம்பர். அதைப் போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி யார்டுக்குள் ஓடினேன்.

அவர் டிரெய்லருக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எழுந்திரிங்க. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

எழுந்தார். கண்ணைத் துடைத்தார். போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத்த யாருக்கும் சொல்லக் கூடாதும்மா."

"எங்கிட்ட சொல்லலாம்ணே."

"பேங்க்ல சொன்னாங்க. யாரு கேட்டாலும் சொல்லாத, தெரிஞ்சவங்க கேட்டாலும் சொல்லாத, அவசரம்னு சொன்னாங்கன்னா சுத்தமா சொல்லாதன்னு சொன்னாங்க."

"உங்க பேங்க்ல இன்னாண்ணே இருக்குது, நான் எடுக்கறதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்காவ சொல்லிட முடியுமா."

கெஞ்சினேன். அதட்டினேன். கடைசியில், முப்பத்தேழு துண்டு போட்டு என் பொழைப்பில் மண்ணைப் போட்டது யார் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. போனை எடுத்து ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்குள் ஐந்து நிமிஷம் ஓடிவிட்டது. எதற்கு என்று கேட்டார். ஒரு பாரத்துக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பாரம் போய்ச் சேர்ந்தது. பெயர், பச்சமுத்து. ஊர், மூங்கில்துறைப்பட்டு. "இந்தப் பொருளை நானே கண்டேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பன்னிரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு ஹங்கேரி நாட்டிலிருந்து இல்டிகோ என்கிற பெண் அதே வால்மீனை அனுப்பினாள். என் பதினாலில் பாதிக்கு மேல் எனக்கு முன்னால் வந்தவள் அவள்தான். ஒன்பது நிமிஷம். இல்டிகோவின் பெயருக்குக் கீழே நான் நிற்காமல் இருப்பது அதுதான் முதல் முறை. சந்தோஷமாக இருந்ததா என்றால், பாதி இருந்தது. மீதிப் பாதி இருக்க வேண்டிய இடத்தில் பச்சமுத்து இருந்தார்.

நாலாவது நாள் பட்டியலில் ஏறிற்று. பட்டியலில் பச்சமுத்துவின் பெயரை முதலில் பார்த்தது நான் இல்லை, கலையரசன். அவன் போனைத் தூக்கிக்கொண்டு யார்டு பூராவும் ஓடினான். பொங்கலுக்கு வாங்கி மிச்சம் இருந்த சரத்தை யாரோ கொளுத்தினார்கள். மாட்டு வண்டிக்காரர்கள் மாடு மிரளுது என்று கத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் கலையரசன் என் கடைக்கு வந்து, யார்டு வாசலில் கட்டுவதற்குப் பத்துக்கு ஆறு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணித் தரச் சொன்னான். நடுவில் பச்சமுத்து, பின்னால் சூரியன், பக்கத்தில் சின்னதாகக் கலையரசனும் இன்னும் பதினாறு பேரும். வாசகத்தையும் அவனே எழுதிக்கொண்டு வந்திருந்தான்: "சூரியனுக்கே வால்மீனைக் காட்டிய எங்கள் அண்ணன்."

"எழுத்து கலர் மஞ்சளா இருக்கட்டும்" என்றான்.

என் வால்மீனுக்கு நானே வேறொருத்தர் படத்தைப் போட்டு, மஞ்சள் எழுத்து வைத்தேன். தொழில் என்று வந்தபின் ஒழுங்காகத்தான் செய்யணும். நிழலெல்லாம் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பச்சமுத்து வந்தார். போன் கொண்டுவரவில்லை. திரையில் தன் முகத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், உட்காராமல் நின்றார்.

"நம்பர் வாங்கினது இதுக்கா?"

"ஆமாண்ணே."

"நான் பாக்கவே இல்லியே. தூங்கிக்கினுதான இருந்தேன்."

"தெரியும்ணே. எனக்கு வேற வழி இல்ல. இல்லாங்காட்டி அந்த ஹங்கேரிக்காரிக்குப் போயிடும்."

"பாத்தது நீ."

"நான்தான். ஆனா என் பேர்ல போட முடியாது. உங்களாலதான் முடியாம போச்சி."

அதை அவர் மறுக்கவில்லை. "இப்ப அது எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"எங்கியும் இல்லண்ணே. அன்னைக்கு சாயங்காலமே சூரியன்கிட்ட போயி ஆவியாயிடுச்சி."

அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இங்க பாரும்மா. அடுத்தவன் எடத்துக்கு நான் துண்டு போடுவேன். அவன் வண்டிய நகத்தியும் வைப்பேன். ஆனா அவன் கரும்ப என் டோக்கன்ல எடை போட மாட்டேன். இருவத்தஞ்சு வருசமா ஆதிமூலத்துக்கு ஓட்டறேன், ஒரு தபா போட்டது கெடையாது. எனக்கு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதிக் குடு."

நான் அவருக்குப் புரிய வைத்தேன். உண்மையை எழுதினால் உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். எனக்கும் தர மாட்டார்கள், நான் தடையில் இருக்கிறேன். வால்மீன் நேராக இல்டிகோவுக்குப் போகும். நாம் ரெண்டு பேரும் பொய்யர்கள் என்று ஆகும். மறுபடி தடை வந்தாலும் வரும்.

"நான் பொய்யன் இல்லன்னுதான எழுதச் சொல்றேன்" என்றார்.

"அண்ணே, இது என்னோடது. ரெண்டு வருசம். உங்க பேர்லயாவது நம்ம ஊருல இருக்கட்டுமே." சொன்னது கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது, அதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது.

"உன்னோடதுதாம்மா. அதான் சொல்றேன், எம்மேல ஏன் ஏத்தி வச்சிருக்கற. எறக்கிடு."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் பச்சமுத்து, டிராக்டர் டிரைவர். அந்த வால்மீனை நான் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். பார்த்தது இசைவாணி. முப்பத்தேழு பாரம் அனுப்பியது அந்தப் பெண் இல்லை, நானும் கலையரசனும். எங்கள் ஊரில் துண்டு போட்டால் இடம் நிற்கும், உங்கள் ஊரில் நிற்காது என்று எங்களுக்குத் தெரியாது. விடுமுறை நாள் போன அந்த ஆளிடம் மன்னிப்பு கேட்டதாகச் சொல்லவும். கீழே என் பங்குக்கு நான் ரெண்டு வரி எழுதினேன்: பாரம் அனுப்பியதும் டிக் போட்டதும் நான், அவருக்குத் தெரியாது. அனுப்புகிற பட்டனை அவரையே அழுத்தச் சொன்னேன். ஒரு விரலால், லிஃப்ட் பட்டனை அழுத்துவதைப் போல, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஃப்ளெக்ஸை அழித்தேன். கலையரசன் என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை. அவனோடு சேர்த்து, பக்கத்தில் சின்னதாக இருந்த பதினாறு பேரும் பேசவில்லை.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, விடுமுறை இழந்தவர் மன்னித்துவிட்டார், பச்சமுத்துவின் கணக்கு மூடப்படுகிறது, இசைவாணியின் தடை மேலும் முப்பது நாள் நீட்டிக்கப்படுகிறது. விதி விதிதான் என்பதால் கண்டுபிடிப்பு அடுத்து அறிவித்தவருக்குப் போகிறது. பட்டியலைத் திறந்தேன். பச்சமுத்து இருந்த இடத்தில் இல்டிகோ என்று இருந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, எனக்கு வலித்தது. அன்று எடுத்த ஜெராக்ஸ் எல்லாம் கோணல்.

மறுநாள் பகலில், ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வந்த ஒரு பெரியவருக்குப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு மெயில் வந்தது. இல்டிகோவிடமிருந்து. ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற வேலை என்று எழுதியிருந்தாள். பெயர் ஏன் மாறியது என்று அவள் கேட்டதற்குக் குழுவில் எங்கள் கடிதத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பச்சமுத்துவின் பாரத்தில் இருந்த என் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவள் படங்களை மறுபடி பார்த்திருக்கிறாள்.

"நான் அதை நாலாவது படத்தில்தான் பார்த்தேன்," என்று எழுதியிருந்தாள், "அங்கிருந்து பின்னால் போய் மூன்றாவதிலும் ரெண்டாவதிலும் கண்டுபிடித்தேன். என் அறிக்கைக்கு நாலாவது அளவு அதற்கடுத்த படத்தில் எடுத்தது. நீங்கள் முதல் படத்திலேயே இடம் குறித்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் எனக்கு இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. நேற்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட முடியுமா?"

பெரியவரைக் கொஞ்சம் இருங்கள் என்று சொன்னேன். அந்த முதல் படத்தைத் திறந்தேன். வட்டம் போட்டால் அது மறைந்துவிடும், அவ்வளவு மங்கல். அதனால் ரெண்டு சின்னக் கோடு மட்டும் போட்டேன், ஒன்று பக்கவாட்டில், ஒன்று கீழே, ரெண்டும் சந்திக்காமல். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, திரையிலிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

பெரியவரின் பிறந்த தேதியில் வருஷம் ஞாபகம் இருந்தது, மாசம் ஞாபகம் இல்லை. மானாவாரி விதைப்பு முடிந்து பத்து நாளில் பிறந்ததாக அவருடைய அம்மா சொன்னாராம். அது ஆடியா ஆவணியா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"தெரிகிறது. இந்தப் படத்தில் இதைப் பார்த்த இரண்டாவது ஆள் நான்."

நான் அழுதேன். ஜெராக்ஸ் மிஷினின் மேல் தலையை வைத்துக்கொண்டு, சத்தமாகவே அழுதேன். பெரியவர் பயந்துபோய், ஆடி மாசம்னே போட்டுடும்மா, பரவால்ல என்றார்.